எந்த மாநிலத்துப் பிள்ளை

பிந்துஜா பொறாமைக்காரி. இதை மூடி மறைத்து ஒரு பிரயோசனமும் இல்லை, அவளே மறைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாஷிங் மெஷின் வாங்கினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. துவைக்கிற கல்லைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆனால் அதெல்லாம் இரண்டு நாள் சமாச்சாரம். மூன்றாம் நாள் அவளே போய் அந்த மெஷினுக்கு வாரன்டி ரெஜிஸ்டர் செய்து கொடுத்துவிட்டு வருவாள். விலாசினியின் மகள் அனுமோள் மேல் வந்த பொறாமைதான் அப்படிப் போகவில்லை. அது ஒரு நவம்பரில் வந்து மறு ஜூன் வரைக்கும் கூடவே இருந்தது. இப்போது போய்விட்டதா என்று கேட்டால் அதற்கும் அடித்துப் பதில் சொல்ல முடியாது.

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் ரோட்டில், கோழிக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. ‘பிந்துஜா ஆன்லைன் சென்டர்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் போர்டு. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், லாமினேஷன் செய்ய ஒரு மெஷின். ரேஷன் கார்டில் மருமகளைச் சேர்க்க, செத்த மாமியாரை நீக்க, நிலவரி கட்ட, பாஸ்போர்ட்டுக்குப் போட என்று அந்தச் சுற்றுவட்டாரமே அங்கேதான் வந்து நிற்கும். பதினாறு வருஷமாக அவள் உட்கார்ந்த நாற்காலி அது. கணவன் ஜோஷி நெய்யாற்றின்கரையில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை. ஒரே மகன் மனு.

ஒரு காரியத்தில் மட்டும் அவள் மற்ற கடைக்காரர்களைப் போல இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈமெயில் கிடையாது. வீட்டில் போன் இருந்தாலும் அது புருஷனோடு வேலைக்குப் போயிருக்கும். அதனால் பிந்துஜா தன் நம்பரையே போட்டுவிடுவாள், தன் மெயிலையே கொடுத்துவிடுவாள். ஓ.டி.பி. எல்லாம் அவள் போனுக்குத்தான் வரும். யாருக்குப் பென்ஷன் பாஸானது, யாருடைய விண்ணப்பம் தள்ளுபடியானது என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கு முந்தி அவளுக்குத் தெரியும். நல்ல செய்தியென்றால் வீடு தேடிப் போய்ச் சொல்லி ஒரு சாயா குடித்துவிட்டு வருவாள். கெட்ட செய்தியென்றால், ஆள் வந்து கேட்கட்டும் என்று இருந்துவிடுவாள்.

அந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை அனுமோள் கடைக்கு வந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள். அப்பா சத்தியதாஸ் ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர், அம்மா விலாசினி தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறவள். பெரிய என்ஜினீயரிங் காலேஜ்களில் சேருவதற்கு நாடு முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதுகிற ஜே.இ.இ. பரீட்சைக்கு, வீட்டிலிருந்த கீறல் விழுந்த போனில் அவளே விண்ணப்பம் போட்டிருந்தாள். ஓ.டி.பி.க்கு மட்டும் பிந்துஜாவின் நம்பர். இப்போது வந்தது பிரின்ட் எடுக்க.

பிந்துஜா மௌஸை நகர்த்திக்கொண்டே, தான் சில மாசமாக எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவருவதை இவளிடமும் சொன்னாள்.

“இதெல்லாம் நமக்கு கிடைக்குமா மக்கா? ரெண்டு மூணு வருசம் ஹாஸ்டல்ல போட்டு படிக்க வைக்கிற பிள்ளைகளுக்கு உள்ளதாக்கும். நம்ம மனு எவ்வளவு படிச்சான். கடைசியில இஞ்ச பி.எஸ்ஸி.க்கு தானே போறான்.”

“கிடைக்காட்டி போகட்டும் மாமி. அதுக்காக போடாம இருக்க ஒக்குமா?” என்றாள் அனுமோள்.

திமிராகச் சொல்லவில்லை. கடையில் அரை கிலோ சீனி கேட்பது போலச் சொன்னாள். பள்ளிக்கூடத்து சார் ஒருவர் நர்சிங் போ என்று சொல்லியிருந்தார். சத்தியதாஸின் அண்ணன், பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டிருந்தார். எல்லாருக்கும் அவள் கொடுத்த பதில் இதே பதில்தான் என்று பிந்துஜாவின் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. நேரில் கேட்டபோது பொறாமை பற்றிக்கொண்டது.

ஏனென்றால் விலாசினி அவளுடைய வகுப்புத் தோழி. ஒரே பெஞ்சு. பத்தாம் வகுப்பில் பிந்துஜாவுக்குக் கணக்கில் தொண்ணூற்றாறு, விலாசினிக்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டிலும் பத்து பிந்துஜாவின் பேப்பரைப் பார்த்து எழுதியது. அவ்வளவு மார்க் வாங்கிய பிந்துஜா, என்ட்ரன்ஸ் எழுத வேண்டும் என்று சொன்னபோது, அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வந்து, நம்ம ஆட்களுக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஒரே தடவைதான். அவள் அப்படியே நம்பி நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் டிப்ளமோவுக்குப் போய்விட்டாள். இந்தப் பிள்ளையிடம் பத்து பேர் சொல்லியாயிற்று, இருபது தடவை சொல்லியாயிற்று, ஒன்றும் ஏறவில்லை. விலாசினியின் வயிற்றில் பிறந்ததற்கு எங்கேயிருந்து வந்தது இந்த நம்பிக்கை? மார்க்கைப் பார்த்து வந்த பொறாமை என்றால் பிந்துஜா தாங்கிக்கொள்வாள். நம்பிக்கையைப் பார்த்து வந்த பொறாமையை எங்கே கொண்டு வைப்பது?

பிரின்ட் வெளியே வந்தது. எடுத்தவளின் கண் தானாக ஒரு கட்டத்துக்குப் போய் நின்றது. தகுதிக்குரிய மாநிலம்: கேரளம்.

இந்த எல்லைப்புறத்துக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. வீடு பாறசாலைப் பக்கம். ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டு எல்லாம் கேரளத்தில். ஆனால் வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளையும் தமிழிலேயே படிக்கட்டும் என்று காலையில் பஸ் ஏற்றி கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கால் மணி நேரப் பயணம். மாநிலம் தாண்டுகிறோம் என்ற நினைப்பே பஸ்ஸில் யாருக்கும் இராது. உன் மாநிலம் எது என்று ஃபாரம் கேட்டால் வீடு இருக்கிற மாநிலத்தை எல்லாரும் யோசிக்காமல் போட்டுவிடுவார்கள். ஃபாரம் கேட்பதோ வீட்டை அல்ல, பிளஸ் டூ படித்த இடத்தை. என்.ஐ.டி. என்கிற மத்திய அரசு என்ஜினீயரிங் காலேஜ்களில் பாதி சீட் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த பிள்ளைக்குத் திருச்சி காலேஜில்தான் அந்தப் பாதியில் பங்கு, கோழிக்கோட்டில் கிடையாது. தப்பாகப் போட்டு, கோழிக்கோட்டில் சீட் கிடைத்து, சர்டிபிகேட் பார்க்கும்போது பிளஸ் டூ தமிழ்நாடு என்று தெரிந்தால் கிடைத்த சீட்டும் போய்விடும்.

பிந்துஜாவுக்கு இவ்வளவு விவரம் யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. பட்டுத் தெரிந்தது.

மனுவும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். போன வருஷம் அவனுடைய ஃபாரத்தைப் போட்டது அவள். ஊருக்கெல்லாம் போடுகிறவள் மகனுக்குப் போட மாட்டாளா? கேரளம் என்று போட்டாள். நல்ல ரேங்க் வந்தது. கவுன்சலிங்கின் கடைசி ரவுண்டில் ஒரு நாள் காலையில் அவள் போனுக்குச் செய்தி வந்தது, கோழிக்கோடு கிடைத்திருக்கிறது என்று. துள்ளிக்கொண்டு எழுந்தவள், மனுவிடம் உடனே சொல்லவில்லை. சர்டிபிகேட்டெல்லாம் ஏற்றி, சீட் உறுதியான பிறகு லட்டு வாங்கிக்கொண்டு போய்த் திடீரென்று சொல்ல வேண்டும் என்று ஆசை. மூன்றாம் நாள் மெயில் வந்தது. பிளஸ் டூ படித்தது தமிழ்நாட்டில், கேரளத்துக்குரிய சீட்டுக்குத் தகுதியில்லை, ரத்து செய்யப்படுகிறது. அதற்குப் பிறகு ரவுண்டும் இல்லை. அவள் சும்மா இருக்காமல் திருச்சியின் கடைசி ரேங்க் எதுவென்று தேடிப் பார்த்தாள். மனுவுக்கு இருநூறு ரேங்க் பின்னால் நின்றவனுக்குக்கூட அங்கே கிடைத்திருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்குப் போய் மனுவிடம், ஒன்றும் வரவில்லை மக்கா என்றாள். ஜோஷியிடமும் அதையேதான் சொன்னாள். அன்றிலிருந்துதான் அந்தப் பேச்சு அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலேஜெல்லாம் நமக்குள்ளது அல்ல. தன் கை செய்த தப்பைத் தலையெழுத்தாக்கி, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பங்குவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அதே தப்பு அனுமோளின் காகிதத்தில். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிந்துஜா சொல்லவில்லை. எனக்க பிள்ளைக்கு ஆரு சொன்னா என்று மனசுக்குள் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு பயமும் இருந்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். காகிதத்தை நாலாக மடித்து அனுமோளின் கையில் கொடுத்தாள். பிள்ளை தாங்க்ஸ் மாமி என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனது.

கிறிஸ்துமஸ் முழுக்க அவளுக்கு நிம்மதி இல்லை. பஸ்ஸில் பார்த்தாலும் அனுமோள் ஏதாவது காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். விலாசினி ஆதார் திருத்த வந்தபோது, பிள்ளை என்ன படிக்கிறதோ எனக்கு ஒன்றும் புரிவதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெருமையடிக்கிற சிரிப்பு என்று பிந்துஜாவுக்குப் பட்டது. உண்மையில் அது வெறும் சிரிப்புத்தான். பொறாமை பிடித்தவர்களுக்கு அது வேறு மாதிரிதான் கேட்கும்.

பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. விண்ணப்ப நம்பரும் பிறந்த தேதியும் பிந்துஜாவிடம் இருந்தன. முதலில் பார்த்தவள் அவள்தான். தொண்ணூற்றெட்டரைக்கு மேல். நூறு பேர் எழுதினால் தொண்ணூற்றெட்டுப் பேர் இந்தப் பிள்ளைக்குப் பின்னால். நல்ல செய்திக்கு வீடு தேடிப் போகிறவள் அன்றைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். பக்கத்துத் தையல் கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் தமிழ் ஆராதனை. அறிவிப்புகளின்போது, மகள் அனுமோள் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றதற்காக சத்தியதாஸ் விலாசினி குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள் என்று வாசித்தார்கள். நாலு வரிசை முன்னால் விலாசினி ஓரத்தில் கசங்கிய புதுச் சேலையில் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்கள் பக்கமிருந்து எல்லாரும் அனுமோளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிந்துஜா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி வைத்திருந்தாள், ஒரு வரியும் வாயில் வரவில்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் கேரளம் என்ற அந்தக் கட்டம்தான் வந்தது. கர்த்தரே, அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடாது என்று அவள் ஜெபிக்கவில்லை. கிடைக்கட்டும் என்றும் ஜெபிக்கவில்லை.

வெளியே வந்தபோது மனுதான் பேச்செடுத்தான். அவ நல்லா படிப்பா, கிடைக்கும் என்றான். குரலில் ஒரு வருத்தமும் இல்லை, ஒரு எரிச்சலும் இல்லை. யாரோ மூன்றாம் வீட்டுக்காரன் வண்டி வாங்கியதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கூட்டுக்காரர்களோடு போய்விட்டான். பிந்துஜா பைக்கின் பக்கத்திலேயே நின்றாள். அவனுக்குப் பொறாமைகூட இல்லை. பொறாமைப்படுவதற்கும் உள்ளே ஒரு ஆசை கிடக்க வேண்டும். அதை அவள்தான் பிடுங்கி எறிந்திருந்தாள். தனக்கு இருப்பதில் பாதியாவது அவனுக்கு இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மாசக் கடைசியில், விண்ணப்பத்தில் திருத்தம் செய்ய இரண்டு நாள் அவகாசம் என்று செய்தி வந்தது. அதுவும் அவள் போனுக்குத்தான். முதல் நாளை அவள் எப்படியோ தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் அனுமோள் ஒரு நோட்டோடு வந்து நின்றாள். சில பக்கங்கள் கிழிகிற மாதிரி ஆகிவிட்டன, நகல் எடுத்துத் தாருங்கள் என்றாள்.

பிந்துஜா நோட்டை வாங்கித் திறந்தாள். மனுவின் கையெழுத்து. ‘ழ’வின் வாலைச் சுழித்து எழுதுகிற அந்த வழக்கத்தை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள். முதல் பக்கத்தில் தேதி, அதன் கீழே பெரிய எழுத்தில் கோழிக்கோடு, அதற்குக் கீழே இரண்டு கோடு. இது எப்படி உன்னிடம் என்று கேட்டாள்.

கேட்டதும் அண்ணன் தந்துவிட்டான் என்றாள் அனுமோள். மொத்தம் ஏழு நோட்டு. எனக்கு இனி எதற்கு, நீ வைத்துக்கொள் என்றானாம்.

பிந்துஜா இரண்டு பக்கம் நகல் எடுத்தாள். மூன்றாவது பக்கத்தை வைக்கும்போது கை நின்றுவிட்டது.

“அனு, உனக்க ஃபாரத்தில ஒரு தப்பு உண்டு. இண்ணைக்கு திருத்தேல்லண்ணா பின்ன ஒக்காது” என்றாள். கேரளத்தை எடுத்துவிட்டுத் தமிழ்நாடு என்று போட வேண்டும் என்று, ஏன் என்பதையும் சேர்த்து, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

அனுமோளின் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷப்பட்டு ஓடிவந்து உட்காருவாள் என்று பிந்துஜா நினைத்திருந்தாள். பிள்ளையோ நகலெடுத்த காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அரை மணி நேரத்தில் விலாசினி வேலைக்கு இட்ட சட்டையோடு, கையில் மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“பிந்துஜே, நான் படிக்காதவளாக்கும். ஆனா ஒண்ணு கேக்கட்டா? மாசக்கணக்கா எனக்க பிள்ளைட்ட கிடைக்காது கிடைக்காதுண்ணு சொல்லிட்டு இருந்தது நீ. இப்பம் அவளுக்கு மார்க்கு வந்த பொறவு, உள்ள மாநிலத்தை வெட்டிட்டு வேற மாநிலம் போடச் சொல்லியதும் நீ. எங்களுக்க வீடு எங்க இருக்கு? ரேஷன் கார்டு எங்க இருக்கு? கேரளத்து சீட்டும் போயி அந்த சீட்டும் இல்லாம ஆயிட்டா, நான் ஆருகிட்ட போய் கேப்பேன்?”

பிந்துஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. உண்மையைச் சொன்னால் இந்தப் பேச்சா? அடுத்த நிமிஷமே இன்னொரு யோசனை இதமாக வந்தது. நான் சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பவில்லை, என் மேல் இனி பாவமில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு விலாசினி திரும்பிப் போனால் இத்தோடு முடிந்தது. அனுமோளுக்குச் சீட் போகும், மனுவுக்குப் போனது போலவே போகும், ரகசியமும் ரகசியமாகவே இருக்கும். அந்த யோசனையை அவள் கொஞ்ச நேரம் வைத்து ருசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பி மெயிலைத் திறந்தாள். ஏழு மாசமாக அழிக்காமலும் திறக்காமலும் வைத்திருந்தது. திரையை வாசல் பக்கம் திருப்பி, நீயே வாசி என்று அனுமோளிடம் சொன்னாள்.

அனுமோள் குனிந்து வாசித்தாள். இங்கிலீஷில் ஒரு தடவை, பிறகு அம்மாவுக்காகத் தமிழில். மனுவின் முழுப்பெயர், கோழிக்கோடு, பிளஸ் டூ தமிழ்நாடு, ரத்து. வாசித்து முடித்த பிறகும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விலாசினி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லுவாள், நல்லா வேணும் என்றாவது சொல்லுவாள் என்று பிந்துஜா காத்திருந்தாள். அவளோ பிந்துஜாவின் முட்டில் ஒரு கையை வைத்தாள், மண் ஒட்டிய கை. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

“சரியாட்டு போட்டிருந்தா மனு அண்ணனுக்கு திருச்சி கிடைச்சிருக்குமா?” என்று அனுமோள் கேட்டாள்.

“கிடைச்சிருக்கும்.”

அண்ணனுக்குத் தெரியுமா என்று அடுத்த கேள்வி. தெரியாது, நீங்கள் இரண்டு பேரும் சொல்லவும் கூடாது என்றாள் பிந்துஜா. கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னொன்றும் தோன்றிவிட்டது. எனக்க ஃபாரத்தில மாமி இதை எப்பம் பாத்திய என்று கேட்டது. பிரின்ட் எடுத்த அன்றைக்கே என்றாள் பிந்துஜா. பொய் சொல்ல அவளிடம் அன்று தெம்பு இல்லை. விலாசினியின் கை முட்டிலிருந்து மெதுவாக விலகியது. நவம்பர், டிசம்பர் என்று அவள் விரலை மடக்குவது தெரிந்தது.

அனுமோள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இண்ணைக்காவது சொன்னியளே. திருத்துவோம் மாமி, ஓ.டி.பி. வரும், பாருங்க.”

வந்தது. திருத்தினார்கள். புதுப் பிரின்டை விலாசினி தானே வாங்கி மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டாள். போகும்போது, மனுவிடம் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் செய்தாள். மூன்று மாசத்தைப் பற்றி அவள் அப்போதும் ஒன்றும் பேசவில்லை, பிறகும் பேசியதில்லை.

அதற்குப் பிறகு பிந்துஜா நல்லவளாகிவிட்டாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏப்ரலில் அனுமோள் இரண்டாம் தடவை எழுதி இன்னும் கொஞ்சம் ஏறியபோது அவளுக்கு மறுபடியும் சோறு இறங்கவில்லை. ஆனால் யாராவது பிள்ளை வந்து, எனக்குக் கிடைக்குமா மாமி என்று கேட்டால் மட்டும் பழைய பாட்டைப் பாடுவதை நிறுத்தியிருந்தாள். போட்டுப் பார் என்று சொல்லிவிட்டு, பிளஸ் டூ எங்கே படிக்கிறாய் என்று முதல் கேள்வி கேட்பாள்.

ஜூன் மாசக் கடைசியில் ஒரு காலை, மழை பிடித்திருந்த நேரம், போன் அதிர்ந்தது. திருச்சி. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குரிய சீட். பிந்துஜா எழுந்தாள், உட்கார்ந்தாள், திரும்பவும் எழுந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி மனுவுக்காக, பாதி வயிற்றெரிச்சல், அனுமோளுக்காக ஒரு சொட்டு இருந்திருந்தால் அது அவளுக்கே தெரியாது. ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போனாள். சொன்னாள். விலாசினி போட்டுக் கொடுத்த சாயாவில் சீனி அள்ளிக் கொட்டியிருந்தது. முழுவதையும் குடித்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே சத்தியதாஸ் குடும்பத்தோடு பிந்துஜாவின் வீட்டுக்கு வந்தார். கையில் லட்டுப் பெட்டி. பேசிப் பழக்கமில்லாத மனுஷன், ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் மரங்களோடு மட்டும் இருக்கிறவர். அவரிடம் விலாசினி நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தாள், ரகசியம் என்பதை மட்டும் சொல்ல மறந்திருந்தாள். அவர் மனுவின் கையில் ஒரு லட்டை வைத்தார். பிறகு பிந்துஜாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

“நீங்க பறையேல்லண்ணா எனக்க பிள்ளைக்க காரியம் தீந்திருக்கும். மனுவுக்கு வந்த தப்பு இவளுக்கும் வரப்பிடாதுண்ணு விளிச்சு பறஞ்சியளே. வேற ஆரு பறைவா?”

விலாசினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். அனுமோள் தரையைப் பார்த்தாள். ஜோஷி ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

எனக்கு என்ன தப்பு வந்தது என்று மனு கேட்டான்.

வந்தவர்கள் மழை விடுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். பிந்துஜா நின்றபடியே சொன்னாள். கேரளம் என்று போட்டதை, கோழிக்கோடு கிடைத்ததை, லட்டு வாங்கிச் சொல்ல நினைத்ததை, மெயில் வந்ததை. ஷட்டரை இறக்கி அழுததைச் சொல்லவில்லை. போனில் மெயிலைத் திறந்து கொடுத்தாள். மனு அதை இரண்டு தடவை வாசித்தான். பிறகு ஜோஷி வாங்கி வாசித்தான்.

திருச்சி கிடைத்திருக்குமா என்று அவனும் கேட்டான். கிடைத்திருக்கும் என்று அவனிடமும் சொன்னாள்.

கத்துவான், லட்டைச் சுவரில் எறிவான், குறைந்தபட்சம் கதவை அடித்துச் சாத்துவான் என்று அவள் நின்றாள். அவன் லட்டை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனான். ரோட்டில் அந்த மூன்று பேரும் இரண்டு குடையில் போவது தெரிந்தது. அனுமோளுக்கு எந்தப் பிராஞ்சு என்று கேட்டான். சொன்னாள். ரேங்க் எத்தனை, கணக்கில் எத்தனை, இரண்டாம் தடவை எவ்வளவு ஏறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். இந்த ஒரு வருஷத்தில் எந்தப் பிள்ளையின் மார்க்கையும் அவன் கேட்டதில்லை.

“கணக்குல எனக்கு அவளைவிட கூட உண்டு” என்றான். “எனக்க நோட்ட வச்சாக்கும் அவ படிச்சது.”

அந்தக் குரலை பிந்துஜா உடனே கண்டுகொண்டாள். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். சுத்தமான பொறாமை.

இன்னும் ஒரு வருஷம் தனக்கு எழுத முடியும், வருகிற ஜனவரியும் ஏப்ரலும்தான் கடைசி என்றான் மனு. பி.எஸ்ஸி. பாதியில் கிடக்கிறதே, இனி எதற்கு, கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்றெல்லாம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. பழகிய நாக்கு. கடித்து விழுங்கினாள். நவம்பரில் ஃபாரம் வரும் மக்கா, முதல் நாளே போட்டுவிடலாம் என்றாள்.

மனு ஜன்னலிலிருந்து திரும்பி அவளை நேராகப் பார்த்தான்.

“எனக்க ஃபாரத்தை நான் போடுவேன். அம்மா தொடண்டாம்.”

சரி என்றாள் பிந்துஜா.